உடல் தனக்கே தருவது

இன்னொருவரின் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ பெறும்போது எழும் கேள்விகளில் பெரும்பாலானவை, ஒருவர் தன் உடலிலிருந்தே சதையெடுத்துத் தன் குறையைச் சரிசெய்துகொள்ளும்போது எழுவதில்லை. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா, வறுமையால் விற்றாரா, மூளைச்சாவு உண்மையிலேயே சாவுதானா என்ற வாதங்கள் எல்லாம் விலகிவிடுகின்றன. விபத்தில் குழிந்துபோன கன்னத்தை வயிற்றிலிருந்து உறிஞ்சியெடுத்த கொழுப்பால் நிரப்புகிறார்கள். புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாயோடு சேர்த்தெடுத்து மார்பகம் அமைக்கிறார்கள். அமிலம் தின்ற முகத்தில் தொடைத் தோலை ஒட்டுகிறார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. அதனாலேயே, எஞ்சி நிற்கும் கேள்வி இங்கே மறைப்பின்றித் தெரிகிறது: தோற்றத்துக்காக, நோயில்லாத தன் சதையை அறுத்தெடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா? உயிரைக் காக்க என்றால் மதங்கள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. தோற்றத்துக்காக என்றவுடன் அகந்தை, மாயை, படைப்பில் கைவைத்தல் என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வருகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவம் நிறைவாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்துக்காக யாரும் மதத்தின் முன் தலைகுனிய வேண்டியதில்லை. மதம் உற்றுப் பார்க்க வேண்டியது, அந்த நிறைவுக்காக உடலின் வேறோர் இடத்தில் உண்டாக்கும் புதிய காயத்தை.

இந்த மருத்துவத்தின் தொடக்கமே அழகோடும் சடங்கோடும் பின்னிக் கிடக்கிறது. சுசுருத சம்ஹிதை குழந்தைக்குக் காது குத்துவதைப் பாதுகாப்புக்காகவும் அணிகலனுக்காகவும் செய்வதாகச் சொல்கிறது. பிறகு, பிய்ந்துபோன காதுமடலைச் சேர்க்கும் பதினைந்து முறைகளை விவரிக்கிறது. மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையைக் கொண்டு மடல் அமைக்கச் சொல்கிறது. பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்கு, காது அறுந்துபோவது என்ன அவமானம் என்று விளக்க வேண்டியதில்லை. அறுபட்ட மூக்கைச் சரிசெய்வதும் அதே நூலில் வருகிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை அடி அறாமல் அறுத்துத் திருப்பி மூக்கில் பொருத்த வேண்டும். மூச்சு விட இரண்டு குழாய்களைச் செருக வேண்டும். காதுமடல் அறுந்தால் உயிர் போகாது, காதும் கேட்காமல் போகாது. மூக்கு அறுந்தாலும் மூச்சு நிற்காது. இரண்டுமே பெரும்பாலும் தோற்றத்துக்கான சிகிச்சைகள். நோய் தீர்ப்பது புனிதமான பணி, அழகு பார்ப்பது அற்பமான பணி என்று நாம் இன்று போடும் கோடு அந்த நூலில் இல்லை. வைத்தியனின் கடமைக்குள் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இந்தக் கைத்திறன் ஏட்டில் மட்டும் உறங்கிக் கிடக்கவும் இல்லை. 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனேவுக்கு அருகே செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்ததை ஆங்கில மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் மூக்கு அமைத்தார். அதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் தாக்லியாகோத்ஸி என்ற மருத்துவர் மேற்கைத் தோலைக் கொண்டு மூக்கு அமைத்திருந்தார். அதற்காகவே 1597இல் ஒரு பெருநூல் எழுதினார். இன்னொருவரின் தோலைப் பயன்படுத்தலாமா என்றும் அவர் யோசித்தார். ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ள தனித்தன்மை அதற்கு இடம் கொடுக்காது என்று கைவிட்டார். அவர் உள்ளுணர்வால் சொன்னதை 1940களில் பீட்டர் மெடவார் சோதனையால் காட்டினார். தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டிய பிறர் தோலை உடல் அடையாளம் கண்டு உதறுகிறது. இரண்டாம் முறை ஒட்டினால் இன்னும் விரைவாக உதறுகிறது. தன் தோலையோ ஏற்றுக்கொள்கிறது. 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உடல் ஏற்றுக்கொள்கிறது என்பதால் மட்டும் அந்தச் செயல் சரி என்றாகிவிடாது. தன்னுடையது என்ற சொல்லின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையைச் சமயங்களே பல முறை அசைத்துப் பார்த்திருக்கின்றன. குமாரஜீவர் சீன மொழியில் தந்த மகாயான உரைநூல் ஒன்றில் ஒரு கதை வருகிறது. பிணம் ஒன்றுக்காக இரண்டு பேய்கள் சண்டையிடுகின்றன. இடையில் சிக்கிய வழிப்போக்கனின் உறுப்புகளை ஒரு பேய் ஒவ்வொன்றாகப் பிய்க்க, மற்றது பிணத்தின் உறுப்புகளை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுகிறது. விடிந்ததும் அவன் தனக்கு உடல் இருக்கிறதா இல்லையா என்று பிக்குகளிடம் கேட்கிறான். இப்போது மட்டும் இல்லை, தொடக்கத்திலிருந்தே அது உன்னுடையதாக இருந்ததில்லை என்பதே அவனுக்குக் கிடைக்கும் பதில். சைவ சித்தாந்தம் வேறு வழியில் இதே இடத்துக்கு அருகே வருகிறது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் தந்தவை. உடல் கொடுக்கப்பட்ட கருவி. இஸ்லாம் அதை அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், என்கிறது. போப் பன்னிரண்டாம் பயஸ் 1952இல் மருத்துவர்களிடையே பேசியபோது, மனிதன் தன் உடலுக்கு முழு எசமானன் அல்லன், அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உடையவன் என்று வாதிட்டார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த மரபுகள் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன: என் சதை, நான் எதுவும் செய்வேன் என்ற வாதம் எங்கும் செல்லாது. இதை ஏற்றுக்கொண்டுதான் மேலே வாதிட வேண்டும்.

முதல் எதிர்ப்பு நிலையாமையிலிருந்து வருகிறது. அழியப்போகும் உடலுக்கு ஏன் இந்த அலங்காரம் என்பார்கள். இதற்குத் தமிழில் காரைக்கால் அம்மையாரைவிட வலிய சான்று கிடையாது. கணவனுக்காகச் சுமந்த அழகுச் சதையை இனி வேண்டாம் என்று உதறி, பேய் வடிவம் கேட்டுப் பெற்றவர் அவர். அழகைத் துறப்பது பக்தியின் உச்சம் என்றால், இழந்த அழகைத் திரும்பத் தேடுவது அதற்கு நேர் எதிர்த்திசை அல்லவா? மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அம்மையாரின் துறவு அவருடையது. தன்னிடம் இருந்ததை, தானே கேட்டு, தன் இறைவனிடம் ஒப்படைத்தார். அமிலம் வீசப்பட்ட பெண்ணிடமிருந்து அழகு பறிக்கப்பட்டது. பறிகொடுத்தவரைப் பார்த்து, நீயும் துறந்ததாக நினைத்துக்கொள் என்று சொல்வது உபதேசம் ஆகாது; அது கொடுமைக்குத் துணைபோவது. துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். அம்மையாரின் கதையைச் சொல்லும் பெரியபுராணத்தில்தான் கண்ணப்பர் என்ற வேடரும் இருக்கிறார். இறைவனின் கண்ணில் இரத்தம் வடிவதைக் கண்டு மூலிகைகளைப் பிழிந்து பார்த்துப் பயனில்லாமல், சதைக்குச் சதைதான் மருந்து என்று முன்னோர் சொன்னதை நினைத்துக்கொண்டு தன் கண்ணை அகழ்ந்து அப்புகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்நூலைப் பாடும்போதே இந்த மருத்துவ எண்ணம் பழைய வழக்காகப் புழங்கியிருக்கிறது. புண்பட்ட கண்ணைப் பார்த்துக்கொண்டு நிலையாமையை எண்ண அந்த வேடரால் முடியவில்லை. பக்தி அவரை வைத்தியம் செய்யத்தான் தூண்டியது.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது தொழுநோயாளிகளின் அனுபவம். அதன் ஒரு முக்கியப் பகுதி நடந்தது வேலூரில். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். புருவம் உதிரும், மூக்கின் உட்சவ்வு சுருங்கிக் குருத்தெலும்பு அமுங்கும், விரல்கள் மடங்கும். 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபின் கிருமியை அடக்க முடிந்தது. ஆனால் மருத்துவர் நோய் அடங்கிவிட்டது என்று எழுதிக்கொடுத்த காகிதத்தை யாரும் படிக்கவில்லை, முகத்தைத்தான் படித்தார்கள். புருவமில்லாத, மூக்கு அமுங்கிய முகத்துக்கு வேலையும் வீடும் கிடைக்கவில்லை. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946 இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், முதலில் கைகளைத்தான் கவனித்தார். செயலிழக்காத தசைநாணை இடம்மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பிறகு அவரும் சகாக்களும் முகத்துக்கு வந்தார்கள். காதுக்கு மேலிருக்கும் தலைத்தோலில் ஒரு துண்டை, அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாயோடு, தோலுக்கடியில் நகர்த்திப் புருவத்தின் இடத்தில் பொருத்தினார்கள். அமுங்கிய மூக்கை உள்ளிருந்து விடுவித்து, நோயாளியின் தோலையே உள்ளே ஒட்டி, மீண்டும் எழுப்பி நிறுத்தினார்கள். புருவத்துக்குச் செயல்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. அது தோற்றம்தான். அந்தத் தோற்றம்தான் ஒரு மனிதனைத் தெருவுக்கும் சந்தைக்கும் மறுபடி அழைத்துவந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாகத் தொழுநோய் 1955 முதல் 2019 வரை இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், புருவத்தின் விலை புரியும். புருவம் கேட்டவர்களை அகந்தை கொண்டவர்கள் என்று எந்த நீதிநூலை வைத்துச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புருவத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அது தலைமுடி வளரும் தோல் என்பதால், இடம் மாறினாலும் தலைமுடியைப் போலவே நீண்டுகொண்டே போகும். அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். வயிற்றிலிருந்து கன்னத்துக்குப் போன கொழுப்பும் அப்படித்தான். உடல் பருத்தால் அதுவும் பருக்கும். சதை தன் பிறந்த இடத்தின் இயல்பை விடுவதில்லை. படைப்பைத் திருத்தி எழுதுகிறார்கள் என்று அஞ்சுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். மருத்துவர் எதையும் புதிதாகப் படைப்பதில்லை. இருப்பதை இடம் மாற்றி வைக்கிறார். அது ஒட்டுவதும் வாழ்வதும் அவர் கையில் இல்லை.

தோற்றத்துக்காக விலக்கி வைத்த சமூகம் அல்லவா திருந்த வேண்டும், பாதிக்கப்பட்டவரின் முகத்தை ஏன் திருத்துகிறீர்கள் என்ற எதிர்ப்பு இன்றைய காலத்துடையது. எல்லா எதிர்ப்புகளிலும் நியாயம் மிகுந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சீரமைப்பும், சீரமைக்காதவரின் மேல் விழும் பார்வையைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறது என்பது உண்மை. ஆயினும், சமூகம் திருந்தும்வரை காயத்தோடு காத்திரு என்று சொல்லும் உரிமை காயமில்லாதவர்களுக்குக் கிடையாது. சீர்திருத்தத்தின் சுமையை, அந்தச் சமூகத்தால் ஏற்கெனவே நசுங்கியவரின் முதுகிலேயே ஏற்றக் கூடாது. தழும்போடு வாழ முடிவெடுத்தவருக்கும், தழும்பை நீக்க முடிவெடுத்தவருக்கும் சமமான மரியாதை கிடைக்க வேண்டும் என்பதே நியாயம். மார்பகத்தை இழந்த பெண்களில் சிலர் வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள், சிலர் வேண்டும் என்கிறார்கள். குடும்பமோ மருத்துவரோ மதகுருவோ இதில் ஒன்றுதான் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை.

படைப்பை மாற்றுவது பாவம் என்ற எதிர்ப்பை மிகக் கவனமாகக் கையாண்டவை இஸ்லாமியச் சட்டமும் கத்தோலிக்க அறநெறியும். அழகுக்காகப் பல்லை அராவுவதையும் பச்சை குத்துவதையும் கண்டிக்கும் நபிமொழி உண்டு. கூடவே அர்ஃபஜா என்பவரின் செய்தியும் உண்டு. இஸ்லாத்துக்கு முந்திய காலப் போர் ஒன்றில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு செய்து மாட்டிக்கொண்டார், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் சொன்னார். ஆண்களுக்குத் தங்க அணிகலன் விலக்கப்பட்ட மார்க்கத்தில், ஒரு மனிதனின் முகத்துக்காக அந்த விலக்கே தளர்ந்தது. 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, ஒரே உடலின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உறுப்பை மாற்றுவதை அனுமதித்தது. மன வேதனை தரும் உருவக் குறையை நீக்குவதையும் அந்த அனுமதிக்குள் சேர்த்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: கிடைக்கும் நன்மை, உண்டாகும் கேட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் பயஸ் 1958 அக்டோபர் 4 அன்று, தான் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, இத்தாலிய ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர்களிடம் பேசியதும் கிட்டத்தட்ட இதேதான். நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும், உடல்நலம் பெரிய ஆபத்துக்கு உள்ளாகக் கூடாது, காரணம் எடுக்கும் துணிச்சலுக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும் என்றார். குற்றவாளி முகம் மாற்றித் தப்புவதையும் வெறும் நாகரிக மோகத்தையும் விலக்கினார். பகுதி முழுமைக்காக இருக்கிறது என்ற பழைய கத்தோலிக்கக் கொள்கைதான் அதன் அடிப்படை. இரு தரப்பும் அழகு விருப்பத்தை மொத்தமாகக் கூண்டில் ஏற்றவில்லை என்பதைப் பாருங்கள். அவர்கள் எடைபோட்டது எடுக்கும் இடத்தின் இழப்பை.

அந்த எடைபோடலைத்தான் இன்றைய அழகுச் சந்தை தவிர்க்கிறது. சொந்தக் கொழுப்பு, சொந்தச் செல், ஆகவே பாதுகாப்பானது, இயற்கையானது என்று விளம்பரம் செய்கிறார்கள். சொந்தச் சதையால் சரிசெய்தாலும் ஓர் உடலில் இரண்டு காயங்கள் இருக்கும் என்பதை மறைக்கும் பேச்சு இது. மார்பகத்துக்காக அடிவயிற்றுத் தசையையும் சேர்த்தெடுத்த பழைய முறையில் சிலருக்கு வயிற்றுச் சுவர் தளர்ந்து குடலிறக்கம் வந்தது; தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கும் முறையை மருத்துவர்கள் தேடிக் கண்டது அந்தக் குற்ற உணர்வால்தான் என்று நான் நம்புகிறேன். மாற்றிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும். நெற்றியிலும் மூக்கிலும் செலுத்தும் கொழுப்பு தவறித் தமனிக்குள் போனால் பார்வை போகலாம். பின்புறத்தைப் பெரிதாக்கக் கொழுப்பு செலுத்தும் சிகிச்சையில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்று 2017இல் மருத்துவர்களே கணக்கிட்டு எச்சரித்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அது அழகுச் சிகிச்சை அல்ல, ஆனாலும் இங்கே பொருந்தும். மங்கிய பார்வைக்காகத் தங்கள் கொழுப்பிலிருந்தே பிரித்த செல்களைக் கண்களில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தார்கள். அந்தச் செல்களும் அவர்களுடையவைதான். கவாஸ்ஜியின் நெற்றித் தழும்பு வெளியே தெரியும் கணக்கு. இன்றைய ஊசிகளின் கணக்கு வெளியே தெரிவதில்லை. தெரியாத இடத்தில்தான் அறநெறி கூர்மையாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் முதுமையின் கேள்விக்கும் ஒரு வழி பிறக்கிறது. காதுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தோலை எடுத்து, அதிலுள்ள நாரரும்பு செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடுகளில் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு 2011இல் அனுமதி தந்தது. எடுக்கும் காயம் மிகச் சிறிது. கிடைப்பதும் சிறிதுதான், நிலைப்பதும் இல்லை. அதைச் செய்துகொள்பவர் பாவம் செய்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது வயது முகத்தில் ஐம்பது வயது தெரிவதைக் குறைபாடு என்று அறிவித்து, அந்த அறிவிப்பாலேயே வருத்தத்தை உண்டாக்கி, பிறகு அதற்கு மருந்து விற்பவரிடம்தான் என் கோபம். தொழுநோயாளியின் உதிர்ந்த புருவம் ஓர் இழப்பு. சிரித்துச் சிரித்து விழுந்த கோட்டை அதே பட்டியலில் சேர்ப்பது முன்னவரின் வேதனையைச் சிறுமைப்படுத்துகிறது. எது இழப்பு, எது வாழ்ந்ததன் அடையாளம் என்று பிரித்துச் சொல்வதில் சமயங்களுக்கு நீண்ட பயிற்சி உண்டு. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவை மௌனமாக இருப்பது வருத்தம் தருகிறது.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் யாரும் கேட்காதது. ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கும்போது அவற்றுக்கு உணவாக நெடுங்காலமாகப் பயன்படுவது கன்றுக்கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். கருவுற்ற பசுவை இறைச்சிக் கூடத்தில் அறுக்கும்போது கிடைப்பது அது. மேலே சொன்ன சிகிச்சையையும், மாட்டுப் பொருள்கள் ஒவ்வாதவர்களுக்குச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் அனுமதித்தார்கள். புலால் மறுத்த ஒருவர், தன் சதை தனக்கே திரும்பி வருகிறது என்று நம்பிச் சம்மதிக்கும்போது, இடையில் ஓர் உயிர் போயிருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சிலர் மறுப்பார்கள், சிலர் மருந்துக்கு விலக்கு உண்டு என்று ஏற்பார்கள்; இரண்டும் அவரவர் சமயம் அனுமதிக்கும் முடிவுகளே. மனித இரத்தத் தட்டணுவிலிருந்து தயாரிக்கும் மாற்று உணவும் இருக்கிறது, நோயாளியின் சொந்தச் சீரத்தையே பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. எனவே, சம்மதப் படிவத்தில் எங்கிருந்து சதையை எடுக்கிறோம், அந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று எழுதும்போதே, வழியில் அது எதை உண்டு வளர்ந்தது என்பதையும் நோயாளி படிக்கும் மொழியில் எழுத வேண்டும். கையெழுத்து அதன் பிறகுதான்.